அப்பாவின் டிடிபி கம்ப்யூட்டர்: 1 எம்பி டிஸ்ப்ளே கார்டை 2 எம்பி ஆக்க முடியுமா?

#1 அச்சகத்து மகள், சிவகாசி

வணக்கம். இங்கே இது என் முதல் பதிவு. இரண்டு வருடமாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

அப்பா சிவகாசியில் டிடிபி வேலை, அதாவது அச்சுக்குக் கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும் வேலை செய்துவந்தார். கல்யாணப் பத்திரிகை, காலண்டர், நோட்டீஸ் எல்லாம். 1997-இல் அவர் வாங்கிய கம்ப்யூட்டர் பரணில் இருந்தது. பென்டியம் 133, 16 எம்பி ரேம், 1.2 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 95. போன மாதம் பவர் சப்ளையை மாற்றி, புது பேட்டரி போட்டு ஆன் செய்தேன். ஹார்டு டிஸ்க் ஓடியது. முதல் வேலையாக அதை முழுவதும் படியெடுத்து வைத்துவிட்டேன். பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள் திறக்கிறது, அவர் செய்த காலண்டர்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன.

சிக்கல் திரையில்தான். 1024×768 வைத்தால் 256 நிறம் மட்டுமே வருகிறது. போட்டோ வைத்த பக்கங்களில் முகமெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. 800×600-க்கு இறங்கினால் 16 பிட் நிறம் வருகிறது, ஆனால் பக்கம் முழுவதும் தெரியாது. அப்பா அந்தக் காலத்தில் 1024-இல்தான் வேலை செய்தார். நிறத்தைத் திரையில் பார்க்கவே மாட்டார். மேசையில் கலர் சார்ட் புத்தகம் இருக்கும், அதில் பார்த்து மையின் சதவீதத்தை எண்ணாகத் தட்டுவார். அச்சாகி வந்த பிறகுதான் தன் டிசைனை நிறத்தோடு பார்ப்பார். இப்போது அவருக்கு 71 வயது. அதே கம்ப்யூட்டரில், அதே 1024-இல், அந்தக் காலண்டர்களை நிறம் கெடாமல் அவருக்குக் காட்ட வேண்டும்.

கார்டு எஸ்3 ட்ரையோ64வி+, பிசிஐ ஸ்லாட்டில் செருகுவது. இரண்டு மெமரி சிப் சாலிடர் செய்யப்பட்டிருக்கிறது. பக்கத்தில் இரண்டு காலி சாக்கெட் இருக்கிறது. அதில் சிப் போட்டால் போதுமா? எந்த சிப்?

#2 ஈயப்புகை, கோவை

வாருங்கள் சகோதரி. டிஸ்க்கை முதலில் படியெடுத்தது ரொம்ப நல்ல காரியம்.

போதும், முடியும். ஆனால் சிப் வாங்கும் முன் கணக்கைப் பார்த்துவிடலாம். டிஸ்ப்ளே மெமரி விஷயத்தில் நான் எல்லோரிடமும் சொல்வது இதுதான்: முதலில் பேப்பர் பேனா, அப்புறம் ஸ்க்ரூ டிரைவர்.

திரையில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் மெமரியில் இடம் வேண்டும். 256 நிறம் என்றால் புள்ளிக்கு 1 பைட். 16 பிட் என்றால் 2 பைட். ட்ரூ கலர் என்றால் 3 பைட், பல சிப்கள் அதை 4 பைட்டாகவே வைத்துக்கொள்ளும்.

1024×768 = 7,86,432 புள்ளிகள். உங்களிடம் இருக்கும் 1 எம்பி என்பது 10,48,576 பைட். 256 நிறத்துக்கு இடம் இருக்கிறது. 16 பிட்டுக்கு 15,72,864 பைட் தேவை, இடம் பற்றாது. 800×600-இல் 16 பிட்டுக்கு 9,60,000 பைட், அது உள்ளே போய்விடும். நீங்கள் சொன்ன அறிகுறி கணக்கோடு அப்படியே ஒத்துப்போகிறது. ஆக கார்டில் பழுது எதுவும் இல்லை, மெமரிதான் குறைவு.

2 எம்பி ஆனால் 20,97,152 பைட். 1024×768-இல் 16 பிட் வரும், அதாவது 65,536 நிறங்கள். 800×600-இல் 4 பைட் கணக்கு போட்டாலும் 19,20,000தான், ஆக அங்கே ட்ரூ கலரும் வரும். 1024-இல் ட்ரூ கலர் வராது, அதற்கு 4 எம்பி வேண்டும்.

சாலிடர் செய்த இரண்டு சிப்பின் மேல் என்ன எழுதியிருக்கிறது? ஒரு எழுத்து விடாமல் போடுங்கள். மானிட்டர் என்ன சைஸ் என்றும் சொல்லுங்கள்.

#3 வேகமே துணை, சென்னை

எனக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 4 எம்பி எஸ்3 விர்ஜ் கார்டு பழைய கடைகளில் இன்னும் கிடைக்கிறது. கழற்றி, மாட்டி, டிரைவர் போட்டால் ஒரு மணி நேர வேலை. 1024-இல் ட்ரூ கலரே வரும். 25 வருடத்துக்கு மேலான சாக்கெட்டில் சிப் தேடி அழுத்துவதைவிட அது பாதுகாப்பு. உங்கள் நோக்கம் அப்பாவுக்குக் காட்டுவது என்றால் அந்த வழியே சரி என்பேன்.

#4 அச்சகத்து மகள், சிவகாசி

இருவருக்கும் நன்றி.

வேகமே துணை அண்ணா, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் இந்தக் கார்டு அந்தப் பெட்டியோடு வந்தது. வாங்கும்போதே "அப்புறம் 2 எம்பி ஆக்கிக்கலாம்" என்று கடைக்காரர் சொன்னதாக அப்பா இன்னும் நினைவில் வைத்திருக்கிறார். அந்த அப்புறம் வரவே இல்லை. காசு வந்தபோதெல்லாம் பிரிண்டர் டோனருக்குப் போனது. அதனால் அந்தக் காலி சாக்கெட்டை நிரப்பத்தான் ஆசை.

சிப்பில் எழுதியிருப்பது: எச்எம்514265, அதற்கப்புறம் இரண்டு எழுத்து, கடைசியில் 6. மானிட்டர் 15 இன்ச்.

#5 ஈயப்புகை, கோவை

இந்தக் காரணம் எனக்குப் போதும். சாக்கெட்டையே நிரப்புவோம்.

514265 என்பது 256கே×16 அமைப்பு. அதாவது ஒரு சிப்பில் 2,62,144 இடங்கள், ஒவ்வொன்றும் 16 பிட். ஒரு சிப்புக்கு 512 கேபி. இரண்டு சேர்ந்து 1 எம்பி. இன்னும் இரண்டு போட்டால் 2 எம்பி. கடைசி 6 என்பது 60 நானோசெகண்ட். அதே 6 அல்லது அதைவிட வேகமான 5 வாங்கலாம், 7 வேண்டாம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இதே 256கே×16, 40 கால் சிப்பில் இரண்டு சாதி உண்டு. ஒன்று எஃப்பிஎம் (ஃபாஸ்ட் பேஜ் மோட்), இன்னொன்று ஈடிஓ (எக்ஸ்டெண்டட் டேட்டா அவுட்). பார்க்க ஒரே மாதிரி, கால்களும் ஒரே வரிசை. ஹிட்டாச்சியில் 514260 என்றால் எஃப்பிஎம், 514265 என்றால் ஈடிஓ. உங்களுடையது ஈடிஓ.

வித்தியாசம் இதுதான். எஃப்பிஎம் சிப், கேட்ட பதிலைச் சொல்லி, சிஏஎஸ் என்ற கம்பி மேலே ஏறியதும் வாயை மூடிக்கொள்ளும். ஈடிஓ அடுத்த கேள்வி வரும்வரை பதிலைப் பிடித்து வைத்திருக்கும். அதனால் ஈடிஓவுக்காக அமைத்த கார்டு கொஞ்சம் தாமதமாக வந்து பதிலை எடுத்துக்கொள்ளும், அந்த இடைவெளியில் அடுத்த கேள்வியைத் தயார் செய்துவிடும். வேகம் அங்கேதான் கிடைக்கிறது. அதில் எஃப்பிஎம்மைப் போட்டால் கார்டு வந்து பார்க்கும்போது பதில் போயிருக்கும். எஃப்பிஎம் கார்டில் ஈடிஓ போட்டால் பெரும்பாலும் ஓடிவிடும், ஈடிஓ கார்டில் எஃப்பிஎம் போடுவதுதான் ஆபத்து. ஆகவே ஈடிஓ மட்டும் வாங்குங்கள்.

வோல்டேஜையும் பாருங்கள். உங்களுக்கு 5 வோல்ட் சிப் வேண்டும். எண்ணின் நடுவில் வி அல்லது டபிள்யூ நுழைந்திருந்தால் பல கம்பெனிகளில் அது 3.3 வோல்ட் என்று அர்த்தம். அதை எடுக்காதீர்கள்.

நிறத்தோடு இன்னொன்றும் கிடைக்கும். பலர் இதைக் கவனிப்பதில்லை. ட்ரையோ64-இல் அந்த 64 என்பது மெமரிக்குப் போகும் பாதையின் அகலம். ஒவ்வொரு சிப்பும் 16 பிட் அகலம். இரண்டு சிப் என்றால் 32 பிட்தான். நீங்கள் இத்தனை வருடமும் பாதிச் சாலையில் வண்டி ஓட்டியிருக்கிறீர்கள். நான்கு சிப் ஆனதும்தான் முழு 64 பிட் திறக்கும்.

அது ஏன் முக்கியம் என்றால், மானிட்டருக்குப் படத்தை விடாமல் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். 1024×768, 75 ஹெர்ட்ஸ் என்றால் 256 நிறத்தில் நொடிக்கு கிட்டத்தட்ட 5.9 கோடி பைட். 16 பிட்டில் 11.8 கோடி. அதே மெமரிப் பாதையில்தான் விண்டோஸ் புதிதாக வரைவதும் போக வேண்டும். பாதை குறுகலாக இருந்தால் திரைக்கு அனுப்பியது போக மிச்சம் கொஞ்சம்தான். அகலமானால் ஜன்னலை இழுப்பது, பக்கத்தை உருட்டுவது எல்லாமே லேசாகும்.

வேகமே துணை சொன்ன விர்ஜ் கார்டில் இந்த ஆதாயம் வேறு மாதிரி. அது 2 எம்பியிலேயே நான்கு சிப்போடு 64 பிட் ஆகிவிடும். 2-இலிருந்து 4 எம்பி ஆக்கினால் புதிய நிறங்கள் திறக்கும், வேகம் கூடாது. ஒரே வேலை, கார்டைப் பொறுத்துப் பலன் மாறுகிறது.

#6 புதுக்கை, திருச்சி

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். என்னிடம் சிரஸ் லாஜிக் ஜிடி5434 பிசிஐ கார்டு இருக்கிறது. அதுவும் 1 எம்பி, இரண்டு காலி சாக்கெட். ஒரு சிப் மட்டும் போட்டு 1.5 எம்பி ஆக்க முடியுமா? மேலும் நான் டாஸ் விளையாட்டுகள்தான் ஓட்டுகிறேன். எனக்குப் பலன் உண்டா?

#7 ஈயப்புகை, கோவை

ஒன்று போட்டால் ஆகாது, சோடியாகத்தான் போட வேண்டும். உங்கள் 5434-உம் இதே கதைதான், 1 எம்பியில் 32 பிட், 2 எம்பியில் 64 பிட்.

320×200, 256 நிற விளையாட்டுக்கு ஒரு திரை 64,000 பைட். 256 கேபி கார்டே அதற்குத் தாராளம். 640×480-இல் ஓடும் விளையாட்டு என்றால் 3,07,200 பைட், 512 கேபி போதும். ஆகவே டாஸுக்காக மட்டும் என்றால் அவசரம் இல்லை. விண்டோஸும் ஓட்டுவீர்கள் என்றால் போடுங்கள். உங்கள் சிப் எண் என்ன?

#8 புதுக்கை, திருச்சி

514260, கடைசியில் 7. அப்படியானால் எஃப்பிஎம். விண்டோஸ் 3.1-உம் வைத்திருக்கிறேன். சிப் கிடைத்தால் போடுவேன்.

#9 இருபது கால், சென்னை

ரிச்சித் தெருவில் 90-களில் கார்டு சர்வீஸ் செய்தவன் நான். இந்த இழையைப் பார்த்ததும் கை துறுதுறுக்கிறது.

எங்கள் காலத்தில் இந்த வேலை அதிகம் வந்தது பிசிஐக்கு முந்தைய ஐஎஸ்ஏ வகைக் கார்டில். ட்ரைடென்ட் 8900 வரிசை. 512 கேபியோடு வரும், ஒரு வரிசை சாக்கெட் காலியாக இருக்கும். சிப் 256கே×4, இருபது கால், ஒவ்வொன்றும் 128 கேபி. நான்கு போட்டால் 1 எம்பி. கால் வளையாமல் இருபதையும் ஒரே அழுத்தில் இறக்குவதுதான் வித்தை. ஒரு கால் உள்பக்கம் மடிந்து சிப்புக்கு அடியில் ஒளிந்துகொண்டால் மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஒரு வாடிக்கையாளர் கார்டில் நான் அப்படிச் செய்து ஒரு முழு மாலையை விட்டிருக்கிறேன். பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்க்கிற பழக்கம் அன்றைக்கு வந்தது.

ஆனால் ஐஎஸ்ஏ கார்டில் மெமரி கூட்டினால் வேகம் வராது. சிபியுவிலிருந்து கார்டுக்கு வரும் வழியே ஒற்றையடிப் பாதை. 1024-இல் 256 நிறம் வரும், அவ்வளவுதான். அதுவே அன்றைக்குப் பெரிய விஷயம்.

அதற்கும் முன்னால் ஐபிஎம் ஈஜிஏ, 1984. கார்டில் 64 கேபிதான். 640×350-இல் 16 நிறம் காட்ட 1,12,000 பைட் வேண்டும், 64 கேபி என்பது 65,536. அதனால் அந்த அளவில் 4 நிறம்தான் வரும். 16 வேண்டுமென்றால் மேலே ஒரு குட்டிப் பலகையைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும், அதை நிரப்பினால் 256 கேபி வரை போகும். காலி இடம் விட்டு விற்பது அப்போதே வந்த பழக்கம்.

அம்மா, உங்களுக்கு சிப் எங்கே கிடைக்கும் என்று சொல்கிறேன். புது சிப் தேட வேண்டாம். செத்துப்போன பிசிஐ டிஸ்ப்ளே கார்டுகளை எடை போட்டு விற்கிறார்கள், காயலான் கடையில் கேளுங்கள். சாக்கெட்டில் இருக்கிற சிப் என்றால் நெம்பி எடுத்துக்கொள்ளலாம், சாலிடர் வேலையே இல்லை. இன்னொரு இடம், 72 பின் ரேம் பலகை. 1 எம்பி பலகைகள் சிலவற்றில் இரண்டே இரண்டு பெரிய சிப் இருக்கும். அது இதே 256கே×16தான். அதை யாரும் சீண்ட மாட்டார்கள், விலையும் இருக்காது. ஆனால் அது சாலிடர் செய்தது, கழற்ற ஹாட் ஏர் (சூடான காற்று அடிக்கும் கருவி) வேண்டும். எண்ணைப் பார்த்து ஈடிஓவா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

நெம்பும்போது ஒரே பக்கம் நெம்பாதீர்கள். மெல்லிய ஸ்க்ரூ டிரைவரை இந்த மூலை கொஞ்சம், அந்த மூலை கொஞ்சம் என்று மாற்றி மாற்றி. சாக்கெட் பழசு, பிளாஸ்டிக் உடையும்.

#10 மெக்கின் தாசன், டொரான்டோ

ஆப்பிள் பக்கத்திலிருந்து ஒரு சின்னச் சேர்க்கை. மெக்கின்டாஷில் இதற்கென்று தனிப் பலகையே இருந்தது, 68 பின் வீரேம் (வீடியோ ரேம்) சிம். (போனில் போடும் சிம் இல்லை, ரேம் பலகை.) எங்கள் வீட்டு மெக்கின்டாஷ் எல்சி 1990-இல் வந்த மாடல், 256 கேபியோடு வந்தது. 256 கேபி என்பது 2,62,144 பைட். 640×480-இல் 256 நிறத்துக்கு 3,07,200 வேண்டும். ஆகவே 14 இன்ச் மானிட்டரில் 16 நிறம்தான். 512 கேபி பலகையை மாற்றிய அன்று 256 நிறம் வந்தது. நானும் தம்பியும் அந்த மேசையை விட்டு எழவே இல்லை.

இப்போது என்னிடம் எல்சி 475 இருக்கிறது. அதில் இரண்டு ஸ்லாட். 256 கேபி இரண்டு கழற்றி 512 கேபி இரண்டு போட்டேன், 1 எம்பி. 832×624-இல் 16 பிட் நிறம் வருகிறது. கணக்கைப் பாருங்கள்: 10,38,336 பைட். 1 எம்பியில் மிச்சம் 10,240 மட்டும். அந்தத் திரை அளவுக்கு அளந்து தைத்த சட்டை மாதிரி.

யாராவது பழைய எல்சி வைத்திருந்தால், மெமரிக்கு முன் போர்டில் உள்ள மின்தேக்கிகளைப் பாருங்கள். அவை கசிந்து செம்புத் தடத்தை அரித்துவிடும். பேட்டரியும் அப்படித்தான். அதைச் சரிசெய்யாமல் வீரேம் போட்டுப் பிரயோசனம் இல்லை.

#11 வேகமே துணை, சென்னை

வீரேம் என்று எல்லா டிஸ்ப்ளே மெமரியையும் சொல்கிறார்களே, ட்ரையோவில் இருப்பது சாதாரண டிராம்தானே?

#12 கரையோரக் கார்டு, சிங்கப்பூர்

ஆமாம். நிஜமான வீரேமுக்கு இரண்டு வாசல். ஒன்றில் சிபியு எழுதும், இன்னொன்றின் வழியாகத் திரைக்குப் படம் தானாக வெளியேறும். இரண்டும் முட்டிக்கொள்ளாது. ஈயப்புகை சொன்ன 11.8 கோடி பைட் பிரச்சினை அங்கே பெரிதாக வராது. அதனால்தான் விலை அதிகம். மலிவான கார்டுகளுக்கு டிராம்.

என்னிடம் இருப்பது மேட்ராக்ஸ் மில்லேனியம், 1995-இல் வந்தது. அதில் டபிள்யூரேம், வீரேமின் உறவுக்கார வகை. மெமரி கூட்ட சாக்கெட்டில் சிப் கிடையாது, மேட்ராக்ஸின் மேற்பலகையை வாங்கி கார்டின் மேல் செருக வேண்டும். 8 எம்பி வரை போகும். 1600×1200 ட்ரூ கலருக்கு 57,60,000 பைட், ஆக 8 எம்பி வேண்டும். அந்தப் பலகை தனியாகக் கிடைப்பது அரிது. நான் நான்கு வருடம் தேடினேன். உங்கள் சாக்கெட் சிப் எந்தக் கம்பெனி கார்டிலிருந்தும் வரலாம். அந்தச் சுதந்திரம் பெரிய விஷயம் சகோதரி.

#13 அச்சகத்து மகள், சிவகாசி

நான்கு சிப் வாங்கினேன். ஈடிஓ என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். இரண்டைப் போட்டேன். சாக்கெட்டின் வெட்டுப்பட்ட மூலையையும் சிப்பின் புள்ளியையும் சரிபார்த்துதான் அழுத்தினேன். ஆன் செய்ததும் முதல் வரியிலேயே 2 எம்பி என்று வந்தது. சந்தோஷத்தில் அம்மாவைக் கூப்பிட்டுவிட்டேன்.

விண்டோஸ் வந்ததும் திரை முழுவதும் நெடுக்காக மெல்லிய கோடுகள், கலர் கலராக மினுமினுக்கின்றன. அப்பா பார்த்துவிட்டு, "விடும்மா, பழைய மாதிரியே இருக்கட்டும்" என்றார். சிப்பைக் கழற்றினால் பழையபடி சரியாகிவிடுகிறது. நான்கையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன், அதே கோடு. சாக்கெட் கெட்டுவிட்டதா?

#14 ஈயப்புகை, கோவை

கழற்றினால் சரியாகிறது என்றால் கார்டு பத்திரம். கவலை வேண்டாம். இரண்டு கேள்வி. 256 நிறத்தில் வைத்தால் கோட்டின் அகலம் எத்தனை புள்ளி? லென்ஸ் வைத்துப் பாருங்கள். அப்புறம், வாங்கிய சிப்பின் எண் என்ன?

#15 அச்சகத்து மகள், சிவகாசி

அப்பாவின் ஃபிலிம் பார்க்கும் லென்ஸை வைத்து எண்ணினேன். நான்கு புள்ளி சுத்தம், நான்கு புள்ளி மினுமினுப்பு, மறுபடி நான்கு சுத்தம். இப்படியே கடைசிவரை. 16 பிட்டில் வைத்தால் இரண்டு இரண்டு.

சிப் மேலே அழுக்காக இருந்தது. துடைத்துப் பார்த்தேன். 514260, கடைசியில் 7. நான்குமே அப்படித்தான். எண்ணைப் பார்க்காமல் வாங்கிவிட்டேன்.

#16 ஈயப்புகை, கோவை

அருமையாக எண்ணியிருக்கிறீர்கள். உங்கள் அப்பாவின் லென்ஸ் பதிலைச் சொல்லிவிட்டது.

64 பிட் என்றால் ஒரே நேரத்தில் 8 பைட். அதில் 4 பைட் சாலிடர் செய்த சிப்களில், 4 பைட் புதிய சிப்களில். 256 நிறத்தில் புள்ளிக்கு 1 பைட், ஆகவே நான்கு நல்லது, நான்கு கெட்டது. 16 பிட்டில் புள்ளிக்கு 2 பைட், ஆகவே இரண்டு இரண்டு. அதாவது பாதை 64 பிட்டாகத் திறந்துவிட்டது, சாக்கெட் நன்றாக இருக்கிறது, புதிய சிப்கள் மட்டும் பதிலை நேரத்தோடு தரவில்லை. எஃப்பிஎம், அதுவும் 70 நானோசெகண்ட். சிப் கெட்டுப்போனதல்ல, இந்தக் கார்டுக்கு உரியதல்ல. சாக்கெட் கெட்டிருந்தால் நான்கு பைட்டும் ஒரே சீராகக் கெட்டிருக்காது, ஏதோ ஒரு நிறம் மட்டும் தவறும்.

அந்த நான்கையும் பத்திரமாக வையுங்கள். ஈடிஓ சோடி தேடுங்கள்.

#17 இருபது கால், சென்னை

அம்மா, என் டப்பாவைக் கிளறினேன். செத்த எஸ்3 கார்டு ஒன்று கிடைத்தது, கோர் சிப் போய்விட்டது. சாக்கெட்டில் இரண்டு 514265, கடைசியில் 6. கூரியரில் அனுப்புகிறேன். காசு வேண்டாம். முகவரியைத் தனிச் செய்தியில் போடுங்கள்.

வந்ததும் சிப்பின் கால்களை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடையுங்கள். சாக்கெட்டுக்குள்ளும் ஒரு சொட்டு, காய விடுங்கள். பெட்டியின் இரும்பை ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் சிப்பைத் தொட வேண்டும். கார்டை மதர்போர்டில் வைத்தபடி அழுத்தாதீர்கள். வெளியே எடுத்து, மடித்த துணி மேல் வைத்து, இரண்டு கட்டை விரலாலும் சமமாக அழுத்துங்கள். உட்காரும்போது கைக்குத் தெரியும்.

#18 கொசுறு கேள்வி, மதுரை

நானும் கேட்கலாமா? என் போர்டில் இன்டெல் 810. டிஸ்ப்ளே போர்டிலேயே இருக்கிறது. சாக்கெட் எதுவும் காணோம்.

#19 கரையோரக் கார்டு, சிங்கப்பூர்

810 மெயின் ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். சில போர்டுகளில் 4 எம்பி தனியாக சாலிடர் செய்திருப்பார்கள், அதுவும் 3டி வேலைக்குத்தான். நீங்கள் மெயின் ரேமைக் கூட்டுங்கள், அதுவே வழி.

#20 அச்சகத்து மகள், சிவகாசி

நேற்று மாலை கூரியர் வந்தது. இருபது கால் ஐயா, பஞ்சு வைத்து, மேலே "1ஆம் பின் இந்தப் பக்கம்" என்று எழுதி அனுப்பியிருந்தீர்கள். கண் கலங்கிவிட்டது.

துடைத்தேன், காய வைத்தேன், துணி மேல் வைத்து அழுத்தினேன். இரண்டாவது சிப் ஒரு மூலையில் ஏறியே நின்றது. டார்ச் அடித்துப் பார்த்து மறுபடி எடுத்து வைத்தேன். ஆன் செய்தேன். 2 எம்பி. விண்டோஸ் வந்தது. கோடு இல்லை. டிஸ்ப்ளே செட்டிங்கில் 1024×768 வைத்து ஹை கலர், 16 பிட் தேர்ந்தெடுத்தேன். இதுவரை அந்த இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால் தானாக 800-க்கு இறங்கிவிடும். நேற்று இறங்கவில்லை.

60 ஹெர்ட்ஸில் திரை கண்ணை உறுத்தியது. மானிட்டர் பட்டியலில் சரியான மாடலைத் தேர்ந்தெடுத்ததும் 75 வந்தது, நன்றாக நிற்கிறது. பேஜ்மேக்கரில் பக்கத்தை உருட்டும்போது முன்பு பட்டை பட்டையாக வரையும், இப்போது சட்டென்று வந்துவிடுகிறது. அது என் கண்ணுக்குத் தெரிவதற்கு முன் அப்பா கண்டுபிடித்தார்.

1999-ஆம் வருடக் காலண்டர் ஒன்றைத் திறந்தேன். முருகன் படம், மயில் கழுத்து. அந்த நீலத்தை அவர் எண்களாகத்தான் தட்டியிருக்கிறார், திரையில் பார்த்ததே இல்லை. ரொம்ப நேரம் பார்த்தார். கலர் சார்ட் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். பக்கத்தைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கிட்டத்தட்ட சரி, திரையில பச்சை கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றார். அப்புறம் அவரே மவுஸை வாங்கிக்கொண்டார். இரவு பதினொன்றரை வரை ஒவ்வொரு ஃபைலாகத் திறந்துகொண்டிருந்தார்.

அடுத்து தேடுபவர்களுக்காக ஒரே வரியில்: எஸ்3 ட்ரையோ64வி+ பிசிஐ, சாலிடர் சிப் எச்எம்514265 60 நானோசெகண்ட் ஈடிஓ, அதே சிப் இரண்டு சாக்கெட்டில், ஜம்பர் எதுவும் மாற்றவில்லை, டிரைவரும் பழையதே.

புதுக்கை தம்பி, உங்கள் சிரஸ் கார்டு 514260, 70 நானோசெகண்ட் என்று சொன்னீர்கள். என்னிடம் அதே எண்ணில் நான்கு இருக்கிறது. முகவரி அனுப்புங்கள்.

#21 புதுக்கை, திருச்சி

அக்கா, அனுப்பிவிட்டேன்! இரண்டு போதும், மிச்சம் இரண்டை இங்கேயே வேறு யாருக்காவது தேவைப்படும்வரை நான் வைத்திருக்கிறேன். 5434-இல் போட வேறு எதையாவது பார்க்க வேண்டுமா?

#22 ஈயப்புகை, கோவை

ஒன்று பார்க்க வேண்டும். இந்த 16 பிட் சிப்களில் இரண்டு சிஏஎஸ் கம்பி வைத்தவை ஒரு வகை, இரண்டு ரைட் (எழுதச் சொல்லும்) கம்பி வைத்தவை இன்னொரு வகை. உங்கள் கார்டில் ஏற்கெனவே இருப்பதும் 514260, வருவதும் 514260, ஆகவே இரண்டு சிஏஎஸ், ஒரே வகை. தைரியமாகப் போடுங்கள். போடும் முன் டார்ச்.